நாலாயிரம் போதும்

தூண்டில் கடைக்குள் மூன்று ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "அண்ணாச்சி, நாலாயிரம் ரீல் ஒண்ணு எடுங்க" என்று நான் சொன்னதும் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தே விட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது அந்தச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"ஆத்துக்கா டீச்சர், குளத்துக்கா?"

"கடலுக்கு."

"கடலுக்கு நாலாயிரமா? ஆனைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட கதைதான். சார் வரலையா? எதுக்கும் சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

பள்ளிக்கூடத்தில் இருபத்து நாலு வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். பின் பெஞ்சில் எவன் சிரித்தாலும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே ஆளைச் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் ஒரு தூண்டில் கடையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோபம் முழுக்க அந்தக் கடைக்காரர்மேல் வந்ததல்ல. பாவம், அவர் கடைசியில் வந்து மாட்டியவர். முதலிலிருந்து சொன்னால்தான் நியாயம்.

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில், ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் கணவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் அலுங்காமல் வைத்த கைக்கு ஒரு தம்ளரைத் தூக்க முடியவில்லை. நாலைந்து மாதத்தில் கால் கொஞ்சம் திரும்பியது, கம்பூன்றி நடந்தார். பேச்சுதான் திரும்பவில்லை. தண்ணி, போ, வேண்டாம் என்று விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குச் சொற்கள் மிஞ்சின.

அதற்கு முன்பு வாய் ஓயாதவர். என்னை "ஏளா" என்றுதான் கூப்பிடுவார், எங்கள் பக்கத்து "அடியே". வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஏளா, சோறு வையி" என்பார். தெருவே கேட்கும். எனக்கு உடம்பெல்லாம் எரியும். ரெண்டு பட்டம் வாங்கியவளை, ஊர்ப் பிள்ளைகளெல்லாம் டீச்சர் டீச்சர் என்று எழுந்து நிற்கிறவளை, ஏளாவா? கல்யாணமான நாளிலிருந்து அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். விழுந்த நாளிலிருந்து அந்தச் சொல் நின்றுபோயிற்று. ஏதாவது வேண்டுமென்றால் இடது கையால் கட்டில் காலைத் தட்டுவார்.

அப்படியே இருக்கையில் ஒருநாள் புதிதாக இரண்டு சொற்கள் வந்தன. "நரம்பு மாத்தணும்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தன் நோயைத் தானே சொல்கிறாரே என்று திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நரம்பு டாக்டர், "நரம்ப மாத்த முடியாதும்மா, அது என்ன கரண்டு வயரா?" என்றார். மதுரையில் இன்னொருவரைப் பார்த்தோம். அவர் மாத்திரையை மாற்றினார். இவர் வீட்டுக்கு வந்து மறுபடியும் "நரம்பு மாத்தணும்" என்றார். சபையிலிருந்து பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று, கர்த்தாவே உமது அடியானுக்குப் புது நரம்புகளைத் தாரும் என்று உருக்கமாக ஜெபித்தார்கள். இவர் இடது கையால் கட்டிலின் அடியைக் காட்டிக் காட்டித் தட்டினார். முழங்கால்படியிட ஆசைப்படுகிறார் என்று ஒரு அம்மா சொன்னார். எல்லாரும் சேர்ந்து அவரைத் தூக்கி முழங்காலில் நிறுத்தினார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் அதை விசுவாசம் என்று நினைத்தோம்.

ஏழு மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது துடைப்பத்தில் அவருடைய பழைய ரீல் மாட்டிக்கொண்டு வெளியே வந்தது. இவர் பாய்ந்து அதைப் பிடித்தார். அதிலிருந்த நைலான் இழையின் நுனியைப் பல்லில் கடித்து, இடது கையால் ஒரு சுண்டு சுண்டி இழுத்தார். காய்ந்த இழை படக்கென்று அறுந்தது. அறுந்த துண்டை என் முகத்துக்கு நேரே நீட்டி, "நரம்பு" என்றார். ரீலைத் தட்டி, "மாத்தணும்" என்றார்.

தூண்டில் போடுகிறவர்கள் அந்த இழையை நரம்பு என்றுதான் சொல்வார்கள். தூத்துக்குடியில் எந்தக் கடையில் போய் நரம்பு கொடுங்கள் என்றாலும் அதைத்தான் எடுத்து வைப்பார்கள். இது தெரியாதவளா நான்? ஞாயிறு ஆராதனை முடிந்து சட்டைகூட மாற்றாமல் தூண்டில் கம்போடு கிளம்பிய மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள். துடைப்பத்தைச் சுவரில் வீசி எறிந்தேன். என்மேல் கோபம், டாக்டர்கள்மேல் கோபம், ஜெபித்தவர்கள்மேல் கோபம், ரீல் என்று ஒரு சொல் சொல்லித் தொலைக்காத அவர்மேலும் கோபம். அவருக்கு அந்தச் சொல் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மறுபடியும் கடலுக்குப் போக வேண்டும், கம்பு அவர் கையில் இருக்க வேண்டும், மீனை அவரே இழுக்க வேண்டும். புது நரம்புக்காக அந்த மனிதர் ஏழு மாதமாகக் கெஞ்சியிருக்கிறார், நாங்கள் அவருக்கு மாத்திரை கொடுத்திருக்கிறோம்.

விஷயம் என் கொழுந்தனுக்குப் போயிற்று. இவருடைய தம்பி. டவுனில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறவன். நல்லவன்தான், ஆனால் நல்லது செய்தால் நாலு பேருக்குத் தெரியாமல் செய்யமாட்டான். மறுநாளே பெரிய பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே எட்டாயிரம் ரீல், தேங்காய் அளவுக்கு இருந்தது.

"மதினி, இதுல எட்டாயிரம் மீட்டர் நூல் கொள்ளும். அண்ணனுக்கு இனி கவலையே இல்ல."

எட்டாயிரம் மீட்டர் என்றால் எட்டு கிலோமீட்டர். எங்கள் மில்லர்புரத்து வீட்டு வாசலில் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையோடு நடந்தால் துறைமுகம் வரைக்கும் போய்விடலாம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எட்டாயிரம் என்பது ரீலின் பருமனுக்குக் கம்பெனிக்காரன் வைத்த நம்பர். பிள்ளைகளின் செருப்பில் ஐந்து, ஆறு என்று போடுவதில்லையா, அந்த மாதிரி. எத்தனை மீட்டர் இழை பிடிக்கும் என்பது ரீலின் உருளையிலேயே தனியாக அச்சிட்டிருந்தது. அதைச் சொன்னேன்.

"மதினி, நீங்க கணக்கு டீச்சர். இது கடல் விஷயம்" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் காரில் வேம்பார் கடற்கரைக்குப் போனோம். இவர் முந்தின நாளே சட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டார். கரையில் சிவப்பு நிறப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இவரை உட்கார வைத்து, கம்பின் அடியை வலது கக்கத்தில் சொருகி, வலது விரல்களைக் கம்பைச் சுற்றி மடக்கிவிட்டு, "சுத்துண்ணே" என்றான். அந்த ரீலின் கனம் கம்பைக் கீழே இழுத்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. கம்பு, ரீலோடு ஈர மணலில் விழுந்தது. மறுபடி சொருகினான். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை அவன் சொருகவில்லை.

"பரவால்லண்ணே. நீ இங்கன உக்காந்து பாரு, நான் போடுதேன்."

போட்டான். இரண்டு மணி நேரம் போட்டான். மணல் புகுந்த ரீலைக் கடல் தண்ணீரிலேயே அலசினான், அறிவுகெட்டவன். ஒரு கெளுத்தி மாட்டியது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து தம்பியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் அந்தக் கெளுத்தியைத் தூண்டில் முள்ளிலிருந்து எடுக்காமலே இவர் மடியில் வைத்து, கம்பையும் சாத்தி வைத்து, போட்டோ எடுத்தான். திரும்பி வருகிற வழியிலேயே குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டான். அண்ணன் பிடித்த மீன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று கீழே எழுதியிருந்தான். சாயர்புரத்திலிருந்து, சாத்தான்குளத்திலிருந்து, துபாயிலிருந்து எல்லாம் அல்லேலூயா வந்து குவிந்தது. நான் போனை இவரிடம் காட்டினேன். அதைக் காட்டியிருக்கக் கூடாது. வாங்கிப் பார்த்துவிட்டு, திரையைக் கவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை நிமிரவில்லை.

பிடிக்காத மீனுக்குப் புகழ்ச்சி வாங்கிக் கொடுப்பதைவிட ஒரு மனிதனை வேறு எப்படி அவமானப்படுத்த முடியும்? கொழுந்தன் இறங்கும்போது, "மதினி, அண்ணனுக்கு எவ்வளவு சந்தோஷம் பாத்தீங்களா" என்றான். கார்க் கதவை நான் சாத்திய சாத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். கம்பின் அடியை அவர் கக்கத்தில் சொருகி, ரீல் பூட்டுகிற இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலை நாடாவால் கட்டித் தொங்கவிட்டேன். அறுநூறு மில்லி ஊற்றினேன். அரை நிமிஷத்தில் விழுந்தது. அந்த எட்டாயிரமும் ஏறக்குறைய அதே கனம்தான், பெட்டியிலேயே போட்டிருந்தது. ஐந்நூறு விழுந்தது. நானூறு கொஞ்ச நேரம் நின்று விழுந்தது. தரையெல்லாம் தண்ணீர். முந்நூறு ஊற்றியபோது விழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பத்து நிமிஷம் நின்றது. அவர் இடது கையைக் காற்றில் வட்டமாகச் சுற்றிக் காட்டினார், ரீல் சுற்றுவது போல. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

முந்நூறு கிராமுக்குள் வருவது நாலாயிரம் நம்பர் ரீல். அதற்காகத்தான் அந்தக் கடையில் போய் நின்றேன்.

"சார்ட்ட கேட்டுட்டு வாங்களேன்" என்று கடைக்காரர் சொன்னதும் சொன்னேன்: "சார் இப்ப பேசமாட்டாரு. நான் பேசுதேன், கேளுங்க. பாரை மீன் மாட்டுனா எவ்வளவு தூரம் ஓடும் அண்ணாச்சி?"

"கரையிலருந்து போட்டா... ஒரு நூறு மீட்டர் ஓடும். மிஞ்சிப் போனா நூத்தம்பது."

"நூல் முந்நூறு மீட்டர் இருந்தா போதும்லா?"

"தாராளமாப் போதும்."

"பின்ன எட்டாயிரம் எதுக்கு?"

அவர் யோசித்தார். "எல்லாரும் அதைத்தான வாங்குதாங்க."

சிரித்த ஆள் இப்போது பேச்சுக்குள் வந்தார். "நாலாயிரத்துல முந்நூறு மீட்டர் எங்க கொள்ளும்? உருளைல பாருங்க, நூத்து நாப்பதுன்னுதான் போட்டிருக்கான்."

"அதுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு? வாசிங்க."

வாசித்தார். "புள்ளி நாலு."

"புள்ளி நாலு மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்புன்னா நூத்து நாப்பது மீட்டர். தடிமன் பாதியானா எத்தனை மீட்டர் கொள்ளும்?"

"ரெட்டிப்பு. எரநூத்து எம்பது."

"தப்பு. நாலு மடங்கு. குறுக்குவெட்டு வட்டம். வட்டத்தோட பரப்பு ஆரத்தோட வர்க்கத்துல போகும், ஒன்பதாம் வகுப்புல படிச்சிருப்பீங்க. ஐந்நூத்து அறுபது கொள்ளும். புள்ளி ரெண்டுல பின்னல் நூல் இருக்கா அண்ணாச்சி? தடிமன் பாதி, பலம் இந்த நரம்பைவிடக் கூட. இருக்கா இல்லையா?"

இருந்தது. பத்து மீட்டருக்கு ஒருதரம் நிறம் மாறுகிற நூல். கடைக்காரர் உருளையின் அடியில் கொஞ்சம் நரம்பைச் சுற்றினார், பின்னல் நூல் வழுக்காமலிருக்க. அதன்மேல் முந்நூறு மீட்டரையும் சுற்றினார். அதற்குப் பிறகும் உருளையில் விளிம்புக்குக் கீழே சரியான இடம் இருந்தது. கைப்பிடியைக் கழற்றி இடது பக்கத்தில் பூட்டித் தரச் சொன்னேன். பூட்டினார்.

"நுனியில ரெண்டு பாகம் நரம்பு கட்டிக்கிடுங்க டீச்சர்" என்றார் கடைசியில். "பின்னல் நூல் கல்லுல உரசுனா நிக்காது." கை ரெண்டையும் விரித்தால் ஒரு பாகம். நான் அதற்கு மட்டும் நன்றி சொன்னேன்.

கம்பு வீசுவதற்கு எங்கள் தெருமுனையிலிருந்த காலி மனையில் ஈயக்குண்டு கட்டிப் பழகினேன். சேலைக்கட்டோடு நான் ஈயம் வீசுவதைப் பார்க்கத் தெருவே மாடியில் ஏறியது. ஏறட்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

கொழுந்தனிடம் சொல்லவில்லை. காலைப் பஸ்ஸில் முன் சீட்டில் இவரை உட்கார வைத்து வேம்பாருக்குப் போனோம். அங்கிருந்து ஆட்டோ. கரையில் கல் கொட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு படகின் நிழலில் இவரை உட்கார வைத்தேன். சாளை மீன் துண்டை முள்ளில் கோத்து வீசினேன். முதல் வீச்சு கல்லில் விழுந்தது. இரண்டாவது ஓரளவுக்குப் போயிற்று. கம்பை அவர் கக்கத்தில் சொருகினேன். நின்றது. அவர் இடது கையால் தளர்ந்த நூலைச் சுற்றி இழுத்து, நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்ட நின்றேன். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அவருக்குப் போதாது என்பது அவர் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பிறகு கம்பு வளைந்தது. வளைந்து அப்படியே நின்றது. ரீல் கத்த ஆரம்பித்தது. பச்சை போயிற்று, மஞ்சள் போயிற்று, நீலம் போயிற்று. பாரை என்று எனக்கே தெரிந்தது. அவர் உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்துவிட்டது. வலது விரல்கள் வெளுத்துப்போயிருந்தன, ஆனால் விடவில்லை. மீன் ஓடும்போது அவர் சுற்றவில்லை. ஓடவிட்டார். நான் நிறத்தை எண்ணினேன். ஏழு. எட்டு. ஒன்பது. தொண்ணூறு மீட்டர். மீதி இருநூற்றுப் பத்து இருந்தது. அது என் கணக்கு. நானே போட்ட கணக்கு, மூன்று ஆண்களுக்கு முன்னால் நின்று வாதாடிய கணக்கு. பத்து. பதினொன்று. உருளை இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்தேன். இந்தக் கையால் முடியாது, விட்டுவிடுவார், இன்றைக்கும் விழுந்துவிட்டால் இனிமேல் வெளியே வரவே மாட்டார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பன்னிரண்டாவது நிறம் வெளியே வந்தது.

நான் பாய்ந்து உருளைமேல் கையை வைத்து அழுத்தினேன்.

டப் என்ற சத்தம் என் உள்ளங்கையில் கேட்டது. கம்பு நிமிர்ந்துவிட்டது. நூல் காற்றில் தளர்ந்து தண்ணீர்மேல் விழுந்தது.

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை ஒரு வருஷமாக நான் பார்த்ததில்லை. வாய் கோணியது, தாடை இரண்டு மூன்று தரம் அசைந்தது, பிறகு கடற்கரைக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"ஏளா. கைய எடு."

எடுத்தேன். சுடுகிற சட்டியிலிருந்து எடுப்பதைப் போல எடுத்தேன்.

கொழுந்தனைத் திட்டினேன், கடைக்காரரோடு வாதாடினேன், துடைப்பத்தை எறிந்தேன். கடைசியில் அவர் கையில் இருந்த மீனைப் பிடுங்கியது நான்தான். மீன் ஓடினால் ஓடட்டும் என்றுதான் அத்தனை நூல் சுற்றியது. அந்த நூலை நம்பி அவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நூலை அளந்து வாங்கிய எனக்கு நம்பிக்கை இல்லை.

சுற்றித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவர் சுற்ற ஆரம்பித்தார். ஒன்றுமே மாட்டாத வெறும் நூலை, பன்னிரண்டு நிறத்தையும், நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி, இடது கையால் அவரே சுற்றினார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றேன். கடைசியில் நுனி வந்தது. முடிச்சோடு அறுந்திருந்தது. நான் கட்டிய முடிச்சு. அவர் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

"ஏளா, நரம்பு மாத்து."

பையிலிருந்து நரம்பை எடுத்து, இரண்டு கையையும் விரித்து, இரண்டு பாகம் அளந்தேன்.